காக்கட்டூ வரப்போகிறதா? கூண்டுக்கு முன்னால் வீட்டைப் பாருங்கள்

கொண்டை வைத்த கிளி வகையான காக்கட்டூவை வளர்க்கப்போகிறேன் என்று சொல்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எந்தக் கூண்டு வாங்கலாம் என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கூண்டு வாங்குவது ஒரு நாள் வேலை, வீட்டை மாற்றுவதுதான் ஒரு மாத வேலை, அதைப் பறவை வந்த பிறகு செய்ய ஆரம்பித்தால் அது உங்கள் தோளில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் கழற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தப் பறவைக்கு முதல் வாரத்தில் எதைப் பழக்குகிறீர்களோ அதை வருடக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும். அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில் புரூக்ஃபீல்ட் மிருகக்காட்சிசாலையில் குக்கி என்று ஒரு மேஜர் மிட்செல் காக்கட்டூ இருந்தது, 83 வயது வரை வாழ்ந்து 2016-ல் இறந்தது. எல்லாம் அவ்வளவு வருடம் இருக்காது, ஆனால் அம்ப்ரெல்லா, மொலுக்கன், மஞ்சள் கொண்டை மாதிரிப் பெரிய வகைகள் நல்ல கவனிப்பில் 40, 50 வருடம் இருப்பது சாதாரணம். அதனால் உங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் வீட்டைத் தயார் செய்வதில் ஒரு பகுதிதான். வீட்டில் இருக்கும் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு தடவை பேசிவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் ஆசை, மற்றவர்கள் சரி சரி என்று தலையாட்டினார்கள் என்றால் அந்தப் பறவையின் கதி நன்றாக இருக்காது.

காகித வேலையையும் இப்போதே முடித்துவிடுங்கள். கோஃபின், மொலுக்கன் போன்ற சில வகைகள், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன, அதாவது காட்டில் பிடித்த பறவையை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது. வளர்ப்பிடத்தில் பொரித்தது என்பதற்கான ஆவணம், குஞ்சாக இருக்கும்போதே காலில் மாட்டிய இணைப்பில்லாத வளையம், உங்கள் நாட்டுச் சட்டம் கேட்கும் பதிவு, இதெல்லாம் கையில் வராமல் பறவையை வாங்காதீர்கள். முடிந்தால் வளர்க்க முடியாமல் யாராவது விட்டுவிட்ட பறவையை எடுத்துக்கொள்ளப் பாருங்கள். காக்கட்டூவில் அப்படிப்பட்டவை நிறைய, ஏன் என்பது கீழே படிக்கப் படிக்கப் புரியும்.

முதல் காரணம் சத்தம். காலை விடியும்போதும் பொழுது சாயும்போதும் கத்தும். காட்டில் கூட்டத்தை ஒன்றுசேர்க்கும் குரல் அது, கிலோமீட்டர் தாண்டிக் கேட்பதற்காக அமைந்தது, அதை உங்கள் வரவேற்பறையில் வைத்துக் கேட்கப்போகிறீர்கள். பழக்கி நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், குறைக்கலாம், நேரத்தை ஓரளவு ஒழுங்குபடுத்தலாம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடு என்றால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். கனமான திரைச்சீலை, தரை விரிப்பு, புத்தக அலமாரி எல்லாம் எதிரொலியைக் கொஞ்சம் குடிக்கும், ஆனால் அலறலை மறைக்காது. வீடியோவில் கேட்டது கணக்கே இல்லை, அதே வகைப் பறவை இருக்கும் அறையில் சாயங்காலம் ஒரு மணி நேரம் நேரில் உட்கார்ந்து பாருங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் தூசியும் தெரிந்துவிடும். காக்கட்டூவின் உடலில் பஞ்சு மாதிரி ஒரு வகை இறகு இருக்கிறது, அதன் நுனி நொறுங்கி மாவாகிக்கொண்டே இருக்கும், அந்த மாவைத்தான் அது உடம்பெல்லாம் பூசி இறகைப் பராமரிக்கிறது. உதறினால் வெள்ளையாகப் பறக்கும். கறுப்புச் சட்டை, டிவி திரை, தண்ணீர் டம்ளரின் மேல்பரப்பு, எல்லாவற்றிலும் படியும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ தூசி ஒவ்வாமையோ இருந்தால் பறவை வருவதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றைக் கூண்டு இருக்கும் அறையில் வையுங்கள், ஓசோன் விடும் வகை வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே மக்காவ் கிளி வைத்திருக்கிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள், காக்கட்டூ தூசியால் மக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போவது தெரிந்த பிரச்சினை. வாரத்தில் சில நாள் குளிக்க வைத்தாலோ தண்ணீர் தெளித்தாலோ தூசி குறையும், அதனால் கூண்டைத் தண்ணீர் பட்டால் பரவாயில்லாத தரை இருக்கும் இடத்தில் வைப்பது புத்திசாலித்தனம்.

அடுத்து சமையலறை. பூட்டையும் பொம்மையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். நான்-ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சு அதிகமாகச் சூடானால் ஒரு புகை வரும், அது கண்ணுக்கும் மூக்குக்கும் பெரிதாகத் தெரியாது, மனிதருக்குக் காய்ச்சல் மாதிரி வந்து போகலாம், பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். பறவையின் நுரையீரல் நம்முடையது மாதிரி இல்லை, காற்றுப் பைகள் வழியாகக் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும், பறப்பதற்காக ஆக்ஸிஜனை அவ்வளவு திறமையாக உறிஞ்சும் உடம்பு, விஷத்தையும் அதே திறமையோடு உறிஞ்சிவிடும். அடுப்பில் வாணலியை வைத்துவிட்டு போன் பேசப்போனீர்கள் என்றால் போதும். பறவை வேறு அறையில்தானே இருக்கிறது என்பதும் காப்பாற்றாது, வீட்டுக்குள் காற்று எங்கும் போகும்.

அதனால் நான்-ஸ்டிக் எல்லாவற்றையும் வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். ஜாக்கிரதையாக இருப்பேன் என்று எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம், விருந்தாளி ஒருவர் ஒரு நாள் எடுத்து அடுப்பில் வைப்பார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வார்ப்பிரும்பு, மண் பாத்திரம் போதும். இதே பூச்சு பல இஸ்திரிப் பெட்டிகளின் அடியில் இருக்கும், சில ஹேர் டிரையர், ரூம் ஹீட்டர், வாஃபிள் மேக்கர், ஏர் ஃப்ரையர், ஓவன் ஆகியவற்றின் உள்ளேயும் இருக்கும். தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் வசதி உள்ள ஓவன் இருந்தால் அந்த வசதியை மறந்துவிடுங்கள். ரூம் ஸ்ப்ரே, வாசனை மெழுகுவர்த்தி, பூச்சி மருந்து, பிளீச் வாடை, சிகரெட், இவை எதுவும் பறவை இருக்கும் காற்றில் வேண்டாம். வீட்டுக்கு வர்ணம் அடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் இப்போதே அடித்து, வாடை முழுதாகப் போகும் வரை சில வாரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இனி அலகு. இது கடிக்கும் கருவி என்பதைவிடக் கழற்றும் கருவி. வியன்னா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள்: ஒரு பெட்டிக்குள் முந்திரி, அதற்கு முன்னால் ஒன்றையொன்று தடுக்கும் ஐந்து பூட்டுகள், முதலில் ஊசியை உருவ வேண்டும், பிறகு திருகாணி, அப்புறம் தாழ்ப்பாள், சக்கரம், கொக்கி. பிப்பின் என்ற கோஃபின் காக்கட்டூ யாரும் சொல்லிக்கொடுக்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் திறந்தது. சிட்னியில் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூக்கள் வீதிக் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறக்க ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டதை 2021-ல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆகவே கூண்டோடு வரும் சாதாரணக் கொக்கியை நம்பி வேலைக்குப் போகாதீர்கள். என் அம்ப்ரெல்லா காக்கட்டூ மூன்றாம் நாளே கதவைத் திறந்தது, அது பரவாயில்லை, அதற்கு அடுத்த வாரம் உள்ளே உட்கார்ந்தபடியே கூண்டை இணைக்கும் நான்கு நட்டைக் கழற்றிக் கீழே வரிசையாகப் போட்டிருந்தது. ஸ்டீல் காரபைனரோ (மலையேறுபவர்கள் கயிற்றில் மாட்டும் கொக்கி வளையம்) சின்னப் பூட்டோ போடுங்கள், சாவி எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும், அவசரத்தில் தேட முடியாது. உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நட்டு எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள் அலகு எட்டும் இடம் எதுவெல்லாம் என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பறவை போகப்போகும் ஒவ்வொரு அறையிலும் தரையில் உட்கார்ந்து பாருங்கள், பிறகு ஏணியில் ஏறி அலமாரி உயரத்திலிருந்தும் பாருங்கள். கீழே சார்ஜர் வயர், சோபாவின் அடிப்பக்கம், ஸ்விட்ச் பெட்டி தெரியும். மேலே திரைச்சீலைக் கம்பி, ஏசி வயர், சுவர்க்கடிகாரம், கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பு தெரியும். இதில் உயிருக்கு ஆபத்தானதை முதலில் கவனியுங்கள். மின்வயர்களைக் கெட்டிக் குழாய்க்குள் போடுங்கள், மெல்லிய பிளாஸ்டிக் உறை அதற்கு அரைமணி நேரப் பொழுதுபோக்கு. ஈயமும் துத்தநாகமும் கொல்லும்: திரைச்சீலை நேராகத் தொங்க மடிப்புக்குள் தைத்திருக்கும் எடைக்கட்டி, வர்ணக் கண்ணாடி ஜன்னலின் இணைப்பு, சாலிடர், பழைய வீட்டின் பழைய பெயின்ட், மலிவான நகை, கால்வனைஸ்டு கம்பி, சில பொம்மை மணிகளின் நாக்கு. ஒரு துணுக்கை விழுங்கினாலே போதும். மரச் சாமான் போனால் காசுதான் போகும், போகும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள், பாட்டி காலத்து நாற்காலி இருந்தால் வேறு அறைக்கு மாற்றி அந்தக் கதவை மூடி வையுங்கள். கீபோர்டுப் பொத்தான்களைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

சோபாவின் அடியும் கதவு திறந்த அலமாரியும் வேறொரு காரணத்துக்காகவும் கெட்டவை. இருட்டான பொந்து மாதிரி இடம் கிடைத்தால் காக்கட்டூவுக்குக் கூடு கட்டும் எண்ணம் வந்துவிடும், பிறகு அந்த இடத்தைக் காக்க வீட்டில் எல்லோரையும் விரட்டிக் கடிக்கும். சோபாவின் அடியைப் பலகையால் அடைத்துவிடுங்கள், அலமாரிகளுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள், அட்டைப்பெட்டியைக் கிழித்து விளையாடக் கொடுக்கலாம், உள்ளே புகுந்து உட்கார விடாதீர்கள்.

சீலிங் ஃபேன் பறவை வெளியே இருக்கும் நேரத்தில் நின்றிருக்க வேண்டும், ஸ்விட்ச் மேல் ஒரு ஒட்டுக் காகிதம் ஒட்டுங்கள். பெரிய கண்ணாடி ஜன்னலிலும் நிலைக்கண்ணாடியிலும் ஆரம்ப நாட்களில் ஏதாவது ஸ்டிக்கரோ திரையோ இருக்கட்டும், நேராகப் போய் மோதும். கழிவறை மூடி, தண்ணீர் வாளி, மீன்தொட்டி, எல்லாவற்றுக்கும் மூடி. ஜன்னலுக்கு இரும்பு வலை, கொசுவலைத் துணி நிற்காது. நாய் பூனை இருந்தால் எத்தனை சாதுவாக இருந்தாலும் தனியாக ஒன்றாக விடாதீர்கள், பூனை நகம் லேசாகப் பட்டிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், அதன் வாயிலும் நகத்திலும் இருக்கும் பாக்டீரியாவே பறவையைச் சாய்த்துவிடும்.

சரி, இப்போது கூண்டு. பெரிய வகைக்குக் குறைந்தது 3 அடிக்கு 4 அடி தரை, 4-லிருந்து 5 அடி உயரம், இதற்கு மேல் உங்கள் வீடு எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு. இரண்டு சிறகையும் முழுதாக விரித்து அடிக்கும்போது எங்கும் படக் கூடாது, கொண்டையை விரித்தால் கூரை இடிக்கக் கூடாது. கம்பி இடைவெளி பெரிய வகைக்கு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம், கோஃபின் மாதிரிச் சிறியதற்கு முக்கால் முதல் ஓர் அங்குலம், தலை நுழையவே கூடாது. பக்கவாட்டுக் கம்பிகளும் இருந்தால் ஏறி இறங்க வசதி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலை அதிகம், ஆனால் இத்தனை வருடத்துக்கு ஒரே தடவை வாங்குவது என்று பார்த்தால் வாங்கலாம். பவுடர் கோட்டிங் உள்ளது என்றால் பூச்சு உரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வட்டமான அலங்காரக் கூண்டு பக்கமே போகாதீர்கள், ஒதுங்க ஒரு மூலைகூட இருக்காது.

வைக்கும் இடம்: வீட்டு மனிதர்கள் உட்காரும் அறை, ஆனால் எல்லோரும் விறுவிறுவென்று கடக்கும் வழியில் இல்லை. ஒரு பக்கமாவது சுவரோடு ஒட்டியிருந்தால் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறதோ என்ற பயம் இருக்காது. முழு ஜன்னல் எதிரே வைத்தால் வெயிலில் தப்பிக்க இடம் இருக்காது, வெளியே பருந்து பறந்தால் மிரளும், பாதி ஜன்னல் பாதி சுவர் நல்லது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் இருக்காது என்பதால், பத்திரமான வெளிக்கூண்டு ஒன்றில் தினமும் கொஞ்ச நேரம் வெயில் காட்ட ஏற்பாடு செய்யுங்கள், அதில் நிழலும் இருக்கட்டும்.

உள்ளே ஒரே தடிமனில் வழுவழுப்பான உருளைக் கம்பு மூன்று போட்டிருப்பார்கள், எடுத்துவிடுங்கள். எப்போதும் ஒரே மாதிரிப் பிடித்துப் பிடித்துக் காலடி புண்ணாகும். யூகலிப்டஸ், கொய்யா, செம்பருத்தி மாதிரி மருந்து அடிக்காத மரத்தின் கிளைகளை வெவ்வேறு தடிமனில் வெட்டி, தேய்த்துக் கழுவி, காயவைத்து மாட்டுங்கள். பட்டையைச் சுத்தமாக உரித்துப்போடும், மாதம் ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும், அது நல்ல அறிகுறி. உப்புத்தாள் சுற்றிய கம்பு வேண்டாம். கிண்ணங்கள் ஸ்டீலில், திருகி மாட்டும் வகையாக இருக்க வேண்டும், சும்மா தொங்கவிட்டால் தூக்கி அடிக்கும்.

பொம்மைக்கு ஒரு கணக்கு: அது உடைய வேண்டும். உடையாத பொம்மை காக்கட்டூவுக்குப் பொம்மை இல்லை. மென்மையான மரத்துண்டு, மை அதிகம் இல்லாத அட்டை, காகிதத்தில் சுற்றி மறைத்த தீனி, இவைதான் நாள் முழுக்க அதன் வேலை. காட்டில் பாதி நாள் தீனி தேடியே போகும், உங்கள் வீட்டில் கிண்ணத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்று தெரியாத பறவைதான் தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிக்கும். பத்துப் பதினைந்து பொம்மை சேர்த்து வைத்து நான்கைந்தாக மாற்றி மாற்றிப் போடுங்கள். கயிற்றுப் பொம்மையில் நூல் பிரிந்தால் உடனே வெட்டுங்கள், விரலில் சுற்றும், விழுங்கினால் இரைப்பையில் அடைக்கும்.

தூக்கம் 10-லிருந்து 12 மணி நேரம், இருட்டில், சத்தமில்லாமல். இரவு பதினொன்று வரை டிவி ஓடும் வீட்டில் தூங்குவதற்கு மட்டும் வேறு அறையில் சின்னக் கூண்டு ஒன்று வைப்பது நல்லது. தூக்கம் கெட்ட காக்கட்டூவோடு ஒரு நாள் இருந்தால் நான் ஏன் சொல்கிறேன் என்று தெரியும். ராத்திரி ஏதாவது சத்தத்தில் மிரண்டு சிறகடித்து அடிபடுவதும் உண்டு, மங்கலான சின்ன விளக்கு ஒன்று உதவும்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. நல்ல பெல்லட் (பறவைக்கென்று தயாரித்த குறுணைத் தீனி), கூடவே கீரை, காய்கள், கொஞ்சம் பழம், கொட்டைகள் பரிசாக மட்டும். வெறும் சூரியகாந்தி விதையில் வளர்ந்த பறவை கொழுத்துக் கல்லீரல் கெட்டுப்போகும். ஆனால் வந்த அன்றே மாற்றாதீர்கள், முன்பு என்ன சாப்பிட்டது என்று கேட்டு அதையே இரண்டு வாரத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக மாற்றுங்கள். அவகாடோ, சாக்லேட், காபி, டீ, மது, வெங்காயம், பூண்டு, உப்பு நொறுக்குத்தீனி கூடவே கூடாது, ஆப்பிள் விதையை எடுத்துவிடுங்கள். பட்டியலைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், வீட்டுக்கு வரும் குழந்தைகள் பாசத்தில் எதையாவது நீட்டுவார்கள்.

பறவை வருவதற்கு முன்பே பறவைகளைப் பார்க்கும் மருத்துவரைக் கண்டுபிடித்துப் பேசி வையுங்கள், நாய் பூனை மட்டும் பார்ப்பவர் போதாது. முதல் வாரத்திலேயே ஒரு பரிசோதனை, அதில் அலகு-இறகு நோய் வைரஸுக்கும் மனிதருக்கும் தொற்றும் கிளிக்காய்ச்சலுக்கும் சோதனை கேளுங்கள். வேறு பறவை இருந்தால் புதியதைக் குறைந்தது 30 நாள் தனி அறையில், தனிக் கிண்ணங்களோடு வையுங்கள், அந்த அறைக்குக் கடைசியாகப் போய்விட்டுக் கை கழுவுங்கள். பயணக்கூண்டு ஒன்றும், கிராம் காட்டும் தராசு ஒன்றும் வாங்குங்கள். பறவைகள் நோயை மறைக்கும், இறகு மறைப்பதால் இளைத்ததும் தெரியாது, தராசுதான் முதலில் சொல்லும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் காத்திருக்காதீர்கள்.

வீட்டு மனிதர்களுக்கும் கொஞ்சம் விதி தேவை. தடவுவது தலையிலும் கழுத்திலும் மட்டும். முதுகு, சிறகுக்கு அடி, வால் பக்கம் தடவினால் ஜோடி கிடைத்துவிட்டது என்று அதன் உடம்பு நினைக்கும், பிறகு கத்தலும் கடியும் பொறாமையும் ஆரம்பம். எல்லோரும் கையில் ஏற்றிப் பழக வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரையே பிடித்துக்கொண்டு மற்றவர்களைக் கடிக்கும். கத்தும்போது ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள், திட்டவும் செய்யாதீர்கள், அதற்குத் திட்டும் ஒரு பதில்தான். மெதுவாகப் பேசும்போதும் விசிலடிக்கும்போதும் போய்ப் பாருங்கள்.

கூட்டிக்கொண்டு வரும் நாளைக் காலை நேரமாக வைத்துக்கொள்ளுங்கள், இருட்டுவதற்குள் கூண்டைச் சுற்றிப் பார்த்துவிடும். பயணக்கூண்டைக் கதவோடு கதவாக வைத்து அதுவாகப் போகட்டும் என்று விடுங்கள். சொந்தக்காரர்கள், நண்பர்கள் யாரும் அன்றைக்கு வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் எதையாவது சாப்பிட்டுக்கொண்டே படியுங்கள், அதுவும் கொத்தும். ஒரு நாள் முழுக்கத் தீனியைத் தொடவே இல்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். ஒரு வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி வரை தோளிலேயே வைத்திருந்தேன், எட்டாவது நாள் வேலைக்குப் போனபோது அது மூன்று மணி நேரம் விடாமல் அலறியதைப் பக்கத்து வீட்டுக்காரர் போனிலேயே கேட்க வைத்தார். சரிசெய்ய ஐந்து மாதம் ஆனது. ஆகவே விடுமுறை எடுங்கள், ஆனால் முதல் நாளிலிருந்தே வேலை நாள் போலவே நடந்துகொள்ளுங்கள்: காலை ஒரு மணி நேரம் வெளியே, பிறகு கூண்டுக்குள் மறைத்து வைத்த தீனியோடு தனியாக, சாயங்காலம் இரண்டு மணி நேரம் உங்களோடு, அப்புறம் தூக்கம். முதல் நாள் அறையை விட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள், மறுநாள் கால் மணி, அடுத்த நாள் முக்கால் மணி. போகும்போது தினமும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போங்கள். என்ன வார்த்தை என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள், அதையே அது உங்களிடம் திரும்பச் சொல்லும், பெரும்பாலும் விருந்தாளிகள் சோபாவில் உட்கார்ந்த உடனே.